கம்பஸில் பொருளியல், வெளிவாரியாக ஐ.ரி.: இரண்டையும் சேர்த்து இழுக்கலாமா?

வல்லைவெளி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம், முதலாம் வருடம் முடியப் போகிறது. பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க விண்ணப்பிக்கப் போகிறேன். புள்ளி காணும் என்றுதான் நினைக்கிறேன், பிரச்சினை அதுவல்ல.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் பொருளியலையும் கணினி விஞ்ஞானத்தையும் இரண்டு மேஜராகச் செய்கிறாள். போன கிழமை வீடியோ கோலில் வேறு கதையே இல்லை. அதிலிருந்து எனக்கும் அந்த எண்ணம்தான். இங்கே கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நான் நினைக்கிற அளவுக்குக் கணினி படிக்க முடியாது. அதனால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப இளமானி) பட்டத்துக்கு வெளிவாரியாக, அதாவது முழுநேர வகுப்புக்குப் போகாமல் வெளியில் இருந்து படித்துச் சோதனை எழுத, பதிவோமா என்று யோசிக்கிறேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வீடு கரவெட்டி. காலையில் நெல்லியடியில் பஸ் ஏறினால் கம்பஸ் இருக்கும் திருநெல்வேலிக்கு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். பின்னேரம் வீட்டு விறாந்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். என் பஸ் காசும் போட்டோக்கொப்பிக் காசும் அதில்தான் வருகிறது. அப்பாவுக்குத் தோட்டம். "ஒன்றை உருப்படியாய் முடி, பிறகு மற்றதைப் பார்" என்கிறார். அம்மாவுக்கு நான் பத்து மணிக்குப் பிறகு லைற் போட்டிருந்தாலே பொறுக்காது.

யூரியூபைத் திறந்தால் "ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி, யு.ஜி.சி. அனுமதி" என்று வீடியோ வீடியோவாக வருகிறது. அது எங்களுக்கும் பொருந்துமா? இரண்டையும் செய்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். தயவுசெய்து "முயற்சி திருவினையாக்கும்" என்று எழுதிவிட்டுப் போக வேண்டாம்.

சைக்கிள்காரன் எழுதியது:

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. என் பச்சில் இரண்டு மூன்று பேர் இப்படித் தொடங்கினார்கள். காசைக் கட்டி, இரண்டு பாடம் எழுதி, அதோடு சரி. கம்பஸ் வாழ்க்கை ஒருமுறைதான் வரும், கூட்டாளிகளோடு இருங்கள். ஐ.ரி. தேவை என்றால் யூரியூபிலேயே படிக்கலாம், அதற்கு ஏன் பட்டம்?

பென்சனியர் எழுதியது:

பிள்ளை, அந்த யூரியூப் விசயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது இந்தியாவின் யு.ஜி.சி. அங்கே இரண்டு பட்டங்களை நேரடி வகுப்பாகவே ஒரே காலத்தில் படிக்கலாம் என்று அப்போதுதான் அறிவித்தார்கள். எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வேறு, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. சுருக்கப் பெயர் ஒன்றாக இருப்பதால் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இதில் குழம்புகிறார்கள்.

நான் நிர்வாகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன், அதனால் ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். வெளிவாரிக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் உங்கள் பீட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். "நான் இந்தப் பதிவு இலக்கத்தில் உள்வாரி மாணவி, இன்ன வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிய விரும்புகிறேன், இதற்கு ஆட்சேபனை உண்டா" என்று இரண்டு வரி போதும். பதிலை எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை வீட்டுப் பைலில் போட்டு வையுங்கள். அதே கேள்வியைக் கொழும்புக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். கவுண்டரில் நிற்பவர் "ஓம் ஓம், செய்யலாம்" என்று வாயால் சொல்வதை நம்பி அலுவல் பார்க்காதீர்கள். அவர் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறிப் போயிருப்பார்.

ஸ்காபரோக் குளிர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் மச்சாள் சொன்னதில் ஒரு விசயம் விடுபட்டிருக்கிறது போல. அவள் இரண்டு பட்டம் படிக்கவில்லை. முடிவில் அவளுக்குக் கிடைக்கப்போவது ஒரே பட்டம், ஒரே சான்றிதழ்.

நான் படித்தது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பொருளியலும் புள்ளிவிபரவியலும். அங்கே பட்டத்துக்கு 20 கிரெடிற் தேவை. அதற்குள் ஒரு ஸ்பெசலிஸ்ற் செய்யலாம், அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும். இரண்டு மேஜர் எடுத்தால் இரண்டிலும் சேர்த்துக் குறைந்தது 12 கிரெடிற் வேறு வேறாக இருக்க வேண்டும், மிச்சம் ஒன்றோடொன்று பொருந்திப் போகலாம். வருடத்துக்கு 5 கிரெடிற் என்று போனால் நாலு வருடத்தில் முடியும். ஒரு மேஜர் செய்பவனுக்கும் அதே 20, இரண்டு செய்பவனுக்கும் அதே 20. சுமை கூடுவது எங்கே என்றால், விரும்பிய பாடத்தை எடுக்கும் சுதந்திரம் போய்விடுவதில். இந்தப் பாடத்தை எடுக்க அது முடித்திருக்க வேண்டும், அதற்கு முன் இன்னொன்று என்று ஒரு சங்கிலி இருக்கும். ஒரு கண்ணி தவறினால் ஒரு வருடம் நிற்க வேண்டி வரும். நான் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்துகொண்டு, எந்தப் பாடம் எந்த ரேர்மில் வருகிறது என்பதை வேலை முறையை விடக் கவனமாகப் பார்த்தேன்.

நீங்கள் செய்ய நினைப்பது இரண்டு முழுப் பட்டம். அது வேறு விளையாட்டு. மச்சாளோடு ஒப்பிட்டு, "அவளால் முடிகிறதே, என்னால் ஏன் முடியவில்லை" என்று பிறகு மனம் நோக வேண்டாம்.

சி.ஆர். கொப்பி எழுதியது:

தங்கச்சி, நான் விஞ்ஞானபீடம், கணிதமும் புள்ளிவிபரவியலும். கூடவே பி.ஐ.ரி. செய்தேன். இப்போது யாழ்ப்பாணத்திலேயே ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. நீர் கேட்ட மாதிரியே, திருவினை ஒன்றும் இல்லாமல் எழுதுகிறேன்.

சைக்கிள்காரன் தம்பி சொல்வதை நான் முழுதாகத் தள்ளவில்லை. அவருடைய பச்சில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பச்சிலும் அப்படித்தான் நடந்தது. எல்லோரும் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டப் பார்த்தார்கள்.

கணக்கைப் பாரும். எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு வருடம் என்றால் 30 கிரெடிற். ஒரு கிரெடிற்றுக்கு 50 மணித்தியாலம், அதாவது லக்சர், அசைன்மென்ற், வீட்டில் இருந்து படிப்பது, சோதனை எழுதுவது எல்லாம் சேர்த்து. ஆக வருடத்துக்கு 1500. படிப்பு நடப்பது ஏறக்குறைய 40 கிழமை என்று வைத்தால் கிழமைக்கு 37 அல்லது 38 மணித்தியாலம். இன்னொரு பட்டத்தையும் அதே வேகத்தில் எடுத்தால் 75. உம்முடைய பஸ் கிழமைக்குப் பத்துக்கு மேல். ரியூசன் ஒரு எட்டு என்று போடுவோம். 93 வந்துவிட்டது. கிழமையில் இருப்பது 168. நாளுக்கு ஏழு மணித்தியாலம் நித்திரை என்றால் மிச்சம் 119. கடதாசியில் 26 மணித்தியாலம் மிஞ்சுகிறது, சாப்பிட, குளிக்க, உடுப்புத் தோய்க்க, கோயிலுக்குப் போக, காய்ச்சலில் படுக்க. நடைமுறையில் ஒன்றும் மிஞ்சாது.

இனி வெளிவாரியைப் பாதி வேகத்துக்குக் குறையும். வருடத்துக்கு 15 கிரெடிற், 750 மணித்தியாலம். இதைக் கம்பஸ் நடக்கும் 40 கிழமைக்குள் அடைக்காதேயும், 52 கிழமைக்கும் பரவும். கிழமைக்குப் பதினான்கரை வரும். அது செய்யக்கூடிய வேலை. மூன்று வருடப் பட்டம் ஆறு வருடம் போகும், போகட்டும். பதிவு எத்தனை வருடம் செல்லுபடியாகும் என்பதை மட்டும் இப்போதே பார்த்து வையும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: உள்வாரி வளையாது, எண்பது வீத வரவு கேட்கும், திடீரென்று அசைன்மென்ற் தரும். ஆகவே எப்போதும் வளைய வேண்டியது வெளிவாரிதான். மோதல் வந்தால் எதைத் தள்ளுவது என்று ஒவ்வொரு முறையும் இருந்து யோசிக்காதேயும். வெளிவாரியைத் தள்ளும்.

வகுப்பு விசயத்திலும் அதேதான். கம்பஸில் சராசரிப் புள்ளி (ஜி.பி.ஏ.) 3.70 என்றால் முதல் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை. நாளைக்கு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கவோ வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ இந்த எண்தான் பேசும். பி.ஐ.ரி.யில் சித்தி அடைந்தால் போதும். எங்கள் கம்பனியில் ஆள் எடுக்கும்போது அதன் புள்ளியை யாரும் கேட்டதில்லை, "என்ன செய்து வைத்திருக்கிறீர், காட்டும்" என்றுதான் கேட்பார்கள். தம்பி "யூரியூபில் படிக்கலாம்" என்பதில் அந்தளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் சோதனைத் திகதி என்று ஒன்று இல்லாவிட்டால் நானெல்லாம் ஒரு பாடமும் முடித்திருக்க மாட்டேன்.

பி.ஐ.ரி.யில் எனக்குப் பிடித்தது இடையில் இறங்கக்கூடியதாக இருப்பது. முதலாம் வருடத்துப் பாடங்களை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா, மூன்றாவதோடு பட்டம். பாதியில் கல்யாணமோ வேலையோ வந்தாலும் கையில் ஒரு கடதாசி இருக்கும்.

இனிப் பாடங்களைப் பொருத்துவது. ஸ்காபரோ அண்ணா சொன்ன "பொருந்திப் போகும்" விசயம் எங்களுக்குச் சான்றிதழில் கிடையாது, ஆனால் மூளையில் உண்டு. பொருளியலில் கணிதமும் புள்ளிவிபரமும் வரும், பி.ஐ.ரி.யிலும் கணினிக்கான கணிதம் வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாதங்களில் விழுகிற மாதிரி எடும். தரவுத்தளப் பாடத்தை உம்முடைய மூன்றாம் வருடத்துக்குள் முடித்துவிடும். நாலாம் வருடம் ஆய்வுக்கட்டுரைக்காகத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் அட்டவணைகளையும் மத்திய வங்கி அறிக்கைகளையும் தூக்கிக்கொண்டு திரியும்போது அதன் அருமை தெரியும். கூட்டாளிகள் எக்செலில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டிருக்க, நீர் நாலு வரிக் கட்டளையில் முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம்.

எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு மளிகைக் கடைக் கலண்டர் தொங்கும். பெரிய கட்டம் போட்டது, கீழே நல்ல நேரமும் இராகு காலமும். அதில் அம்மா பென்சிலால் சஷ்டி, கௌரிக்காப்பு, தறி வேலைக்காரருக்குக் கொடுத்த காசு என்று எழுதுவா. நான் சிவப்புப் பேனையால் கம்பஸ், நீலப் பேனையால் வெளிவாரி. போனில் எத்தனை ஆப் இருந்தாலும் இதுதான் வேலை செய்தது, காரணம் வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடம். நீலமும் சிவப்பும் ஒரே கிழமையில் விழுந்தால் அம்மாவே "இந்தக் கிழமை ஒருவரையும் சாப்பிடக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிடுவா. உம்முடைய அம்மாவையும் இப்படி உள்ளே இழுத்துவிடும். லைற் சண்டை பாதி குறையும். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள், அதையும் முதலே குறியும். அந்த நாட்களில் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், பின்னேரம் படிப்பு நடக்காது, நடக்கும் என்று திட்டம் போடுவது வீண்.

கலண்டரில் போட்டாலும் சிவப்பு நகரும். 2024 மே மாதம் நாடு முழுக்கக் கல்விசாரா ஊழியர் பணிப்பகிஷ்கரிப்புத் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் போனது, எல்லாப் பல்கலைக்கழகங்களின் அட்டவணையும் நகர்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் வெளிவாரிப் பாடம் இரண்டைக் கூடுதலாக இழுத்துப் படிக்கலாம். பிறகு சிவப்பு நெருக்கும்போது நீலத்தை மூடி வைக்கலாம்.

இரவில் விழித்துப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவோடு சண்டை பிடிக்காமல் பத்துக்குப் படும், நாலரைக்கு எழும்பும். புதுப் பாடத்தை விடியப்புறத்துக்கு வையும். பஸ்ஸில் புதிதாக ஒன்றும் படிக்காதேயும், நின்றுகொண்டு வரும்போது தலைக்குள் ஏறாது. முதல் நாள் படித்ததை அரைக் கடதாசியில் கேள்வியாக எழுதி வைத்திருந்து, வல்லைவெளிக் காற்றில் மனதுக்குள் பதில் சொல்லிப் பாரும். லக்சர் இரண்டுக்கு நடுவில் விழும் ஒரு மணித்தியாலத்தைக் கன்ரீனில் விடாமல் லைபிரரிக்குக் கொண்டு போனால் வெளிவாரியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடியும். கூட்டாளிகளோடு இருக்க வேண்டும் என்று தம்பி சொன்னதற்குக் குப்பி, அதாவது மாணவர்களே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு, இருக்கிறது. உமக்கு விளங்கிய பாடத்துக்கு நீரே குப்பி எடும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பாடத்துக்குத் தனியாகப் படிக்கத் தேவையில்லை, கூட்டாளிகளும் உம்மை மறக்க மாட்டார்கள்.

புரோகிராமிங்கைப் பற்றி ஒன்று. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனது ஞாபகம் இருக்கும். என் லப்டொப்பின் பற்றரி ஏற்கெனவே செத்த மாதிரி. அப்போது தடித்த மட்டை போட்ட சி.ஆர். கொப்பியில் இடது பக்கம் புரோகிராம், வலது பக்கம் ஒவ்வொரு வரியிலும் மாறியின் பெறுமானம் என்ன என்று பென்சிலால் எழுதுவேன். கரண்ட் வந்ததும் தட்டிப் பார்ப்பேன். நான் எதிர்பார்த்த விடையும் திரையும் ஒத்துப் போகாவிட்டால் பிழை எந்த வரியில் என்று வலது பக்கம் சொல்லிவிடும். கரண்ட் திரும்பி வந்த பிறகும் அதை விடவில்லை, இன்றைக்கும் சிக்கலான வேலை வந்தால் கொப்பியைத்தான் தேடுவேன். உமக்கு லப்டொப் இல்லை என்றால் தொடக்கத்தில் அது பெரிய தடை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஆங்கிலத்தைப் பற்றி நீர் எழுதவில்லை. பி.ஐ.ரி. முழுவதும் ஆங்கிலம். தமிழ் மூலம் ஏ.எல். செய்திருந்தால் முதல் ஆறு மாதம் பாடம் கஷ்டமா, மொழி கஷ்டமா என்று பிரிக்கத் தெரியாமல் தலை இடிக்கும். அந்த ஆறு மாதத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதேயும்.

சைக்கிள்காரன் எழுதியது:

அக்கா, கணக்குப் போட்டு வைத்தே அடித்துவிட்டீர்கள். சரி, பாதி வேகம் என்றால் நானும் எதிர்க்கவில்லை. ஆறு வருடம் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையும் எழுதியிருக்கலாம்.

வல்லைவெளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்காபரோ அண்ணா எழுதியதை மச்சாளுக்கு அனுப்பினேன். "ஓம், ஒரே பட்டம்தான், நான் சொல்லவில்லையா?" என்கிறாள். சொல்லவே இல்லை!

பென்சனியர் ஐயா, கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுப்பேன். சி.ஆர். கொப்பி அக்கா, கணக்கை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 93 மணித்தியாலம் என்றதும் "நான் சொன்னேன்தானே" என்றார். பதினான்கரை என்றதும் ஒன்றும் பேசவில்லை, வெங்காயத்துக்குத் தண்ணி மாற வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டார். அது எங்கள் வீட்டில் சம்மதம் மாதிரித்தான். ஆறு வருடம் என்பதை இன்னும் சொல்லவில்லை.

ஆங்கிலம் பயம்தான், ஒளிக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ரியூசனை விட வேண்டுமா? விட்டால் எட்டு மணித்தியாலம் கிடைக்கும், ஆனால் வெளிவாரிக்குக் கட்டும் காசும் அதில் இருந்துதான் வர வேண்டும்.

சி.ஆர். கொப்பி எழுதியது:

இப்போது இருக்கும் பிள்ளைகளைச் சோதனை முடியும்வரை கொண்டு போம். நடுவில் விட்டால் அவர்கள் பாவம், உமக்கும் ஊரில் பெயர் கெடும். அவர்கள் எழுதி முடித்ததும் புது ஆட்களைக் கிழமை நாட்களில் எடுக்காதேயும். சனிக்கிழமை காலை ஒரே வகுப்பாகச் சேர்த்து வையும், நாலுபேர் இருந்த இடத்தில் பத்துப்பேர். கணிதம் என்றால் வருவார்கள். காசு பெரிதாகக் குறையாது, கிழமையில் ஐந்து பின்னேரம் உம்முடைய கையில் வரும். அம்மாவிடம் விறாந்தைக்கு இன்னொரு வாங்கு மட்டும் கேட்டுப் பாரும்.

கொழும்பில் இருந்து பதில் வந்ததும் முதல் இரண்டு பாடமும் எவை என்று இங்கே போடும். பழைய வினாத்தாள்கள் என்னிடம் கட்டாகக் கிடக்கின்றன, அம்மா எடைக்குப் போட முன்னம் யாராவது கொண்டு போனால் நல்லது.